ஐம்பத்தாறு கட்டங்கள்

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் இடது கையால் தொடையில் தட்டினேன். வலது கையில் மாவுக்கட்டு.

டுலூத் நகரத் தேவாலயத்தின் அடித்தளத்தில் தியான வகுப்பின் கடைசி நாள். குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். ஆறிப்போன காப்பியோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பை நடத்தும் லோரெய்ன், என் கணவர் டேலின் வீட்டுப்பயிற்சித் தாளை உயர்த்திக் காட்டினாள். எட்டு வாரம், ஐம்பத்தாறு கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக்.

"ஒரு நாள்கூட விடல இந்த மனுஷன்! நாங்கூட இப்படிச் செஞ்சதில்ல."

பதினோரு வருடம் டேல் கை கழுவினார். கழுவாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று அவருக்கு ஓர் எண்ணம். அது பொய் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்? இரண்டு நாளைக்கு ஒரு சோப்பு கரைந்தது. விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது.

இங்கே சொல்லிக்கொடுத்தது எளிது. எண்ணம் வந்தால் வரட்டும், அதோடு மல்லுக்கட்டாதே, மூச்சைக் கவனி, தானாகப் போய்விடும்.

கை கழுவுவது நின்றது. தோல் ஆறியது. சந்தோஷத்தில் ஒரு நாள் குழாயடியில் நின்று அழுதேன்.

"ரோண்டா, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் லோரெய்ன்.

சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரியில் ஒரு காலை. பின்வாசல் படியில் உறைபனியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. டேல், டேல் என்று கத்தினேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. எண்ணிக்கை தவறிவிட்டது போல. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

இருபத்தைந்து நிமிடம் பனியில் கிடந்தேன்.

இதைச் சொன்னால் இந்தத் தாளையும் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் மறுபடியும் சோப்பு, மறுபடியும் ரத்தம். எனக்குத் தெம்பில்லை.

"நல்லா தேறிட்டாரு," என்றேன்.

மறுபடியும் கைதட்டல்.

டேலின் கண்கள் கலங்கியிருந்தன. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு வெளியே நீண்டிருந்த என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவர் கை அவ்வளவு மென்மையாக இருந்தது.

"பாத்தியா, ஒரு நாளும் நான் விடல," என்றார் என் காதருகே. "நீ உயிரோட இருக்க."