வேன் மாமாவின் ஹெட்லைட்

மச்சினன் ஸ்கூல் வேனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஹெட்லைட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடியில் படிந்திருந்த மஞ்சள் கரைந்து அழுக்குத் தண்ணீராக பம்பரில் வழிந்தது.

வேன்காரர் பக்கத்தில் நின்றார். கேட்டு வந்த உதவி என்றால் கூடமாட ஒத்தாசை செய்யலாம். இது கேட்காமல் வந்தது.

ஹெட்லைட் மங்கியிருந்தது உண்மைதான். பாதி வண்டிகளுக்கு அப்படித்தான் இருக்கிறது. அவர்களெல்லாம் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவருக்கு மங்கியது கண்.

போன வாரம் இருட்டத் தொடங்கிய நேரத்தில், இறங்கிய பிள்ளை வேனுக்கு முன்னால் குறுக்கே போனது அவருக்குத் தெரியவில்லை. வண்டியை நகர்த்திவிட்டார். பிள்ளையின் அம்மா போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தார். பம்பருக்கும் புத்தகப் பைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

லைட்டு மங்கிப்போச்சும்மா என்று சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த அம்மாவோ, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

வீட்டில் பிள்ளை விஷயத்தை மறைத்து, லைட் விஷயத்தை மட்டும் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டாள். மறுநாளே தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

லைட் சரியாகிவிட்டால் அடுத்து எதன்மேல் பழியைப் போடுவது? டாக்டரிடம் போனால் வண்டியைத் தொடாதே என்பார். அப்புறம் வேன் மாமா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்றால் அதற்கும் கண் வேண்டும்.

மச்சினன் எழுந்து கையை உதறினான். ஹெட்லைட்டைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

அவர் குனிந்து, நன்றாகப் பார்ப்பவர் போலத் தலையை ஆட்டினார்.

"பிரமாதம்டா. புதுசு மாதிரி பளபளன்னு ஆயிடுச்சே."

மச்சினன் ஹெட்லைட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தான். உப்புத்தாள் போட்டால் ஹெட்லைட் முதலில் மாவு பூசியது போல வெளுத்துத்தான் போகும். மேலே பாலிஷ் போட்டுத் தேய்த்தால்தான் தெளியும். பாலிஷ் டப்பாவை அவன் இன்னும் திறக்கவே இல்லை.

அவன் அத்தானைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினான்.

"நீ சொன்னது சரிதான்க்கா."

வேன்காரரும் திரும்பினார். வாசலில் மனைவி நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

கண் டாக்டரிடம் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

மச்சினன் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டான். அக்கா அவனுக்குப் பக்கத்தில். வேன்காரர் பின்னால் போய், பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

வண்டி தெருமுனை தாண்டியதும், அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.