ரோஸ்லின் சிரித்த காலை

காலை நடைக்குச் செல்வோர் அனைவரும் நகராட்சி தரும் கண்ணாடியை அணிய வேண்டும் என்பது விதி. அதன் வழியே எதைக் கண்டு ஒருவர் நின்று சிரிக்கிறாரோ, அதை நகராட்சி ஆட்கள் வந்து கொண்டுபோய்விடுவார்கள்; மறுநாள் அது தெருவில் இராது. எதிர்வீட்டு மாடியில் ஹெல்மெட் அணிந்து நின்ற திருஷ்டி பொம்மை போயிற்று. உடைந்த கழிப்பறைக் கோப்பையில் பூத்திருந்த கனகாம்பரம் போயிற்று. தனக்குத்தானே பாடிக்கொண்டு நடந்த தையற்காரரும் போனார். அவரைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை.

ஆகையால் மரகதவல்லி தன் மகன் புகழேந்தியை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். முப்பது வயதாகியும், கடந்து செல்லும் வண்டி ஒவ்வொன்றுக்கும் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்காமல் அவனால் இருக்க இயலாது.

அன்று அவன் தாழ்ப்பாளைத் தானே திறந்துவிட்டான். அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது, புதிதாகக் குடிவந்த ரோஸ்லின் கண்ணாடியோடு அவன் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தம்பியப் பாருங்க! குப்பை வண்டிக்குக்கூட கலெக்டருக்கு வைக்கிற மாதிரி சல்யூட் வைக்கிறாப்ல!"

"சிரிக்காத தாயி. மொகத்த அந்தப் பக்கம் திருப்பு."

"ஐயோ, கேலி இல்லக்கா. பாக்க ஆசையா இருந்துச்சு, அதான்."

"ஆசை எது, கேலி எதுன்னு அந்தக் கண்ணாடிக்குத் தெரியுமா?"

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பதிவாகிவிட்டதைக் காட்டும் சிவப்புப் புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் புகழேந்தி அவளுக்கும் ஒரு சல்யூட் அடித்தான்.

மரகதவல்லி அழவில்லை, மகனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. உள்ளே சென்று, அவனுடைய நீலச் சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அழைத்துப் போக வருகிறவர்கள் முன் அவன் கசங்கிய சட்டையோடு நிற்கக் கூடாது.