வளைவில் கிளைச் சத்தம்

"அந்தக் கருப்பம்மா வர்றா. வண்டிய உள்ள தள்ளுங்க, வெரசா" என்றாள் இருளாயி.

அவள் புருஷன் ஆண்டிச்சாமி தள்ளுவதற்குள் கருப்பம்மாள் வந்தே விட்டாள். சைக்கிளுக்கு அப்போதுதான் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தார்கள். அவள் நேரே போய்க் குனிந்து, புது பிரேக் ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, இந்த ரப்பரு..."

"நல்ல நாளும் பொழுதுமா வாயத் தொறக்காதீங்கக்கா" என்று குறுக்கே விழுந்தாள் இருளாயி. "உங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல போயித்தான் செத்தாரு. அதையே இங்க வந்து பாடணுமாக்கும்?"

கருப்பம்மாள் வாயை மூடிக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்தில் இருளாயி தண்ணீர் தெளித்தாள்.

ஆண்டிச்சாமிக்குக் கொடைக்கானல் கிளப்பில் தோட்ட வேலை. பேத்துப்பாறையிலிருந்து காலையில் ஏற்றத்தில் தள்ளல், சாயங்காலம் இறக்கத்தில் சவாரி. ஊர்க்காரர்கள் சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு மரக்கிளையைக் கட்டி, தரையில் உரச விட்டுத்தான் இறங்குவார்கள். அதுதான் பிரேக்.

"இனிமே எனக்கு இந்த மாட்டு வாலு வேண்டாம்" என்று ஆண்டிச்சாமி கிளையை அவிழ்த்துப் போட்டிருந்தான். வத்தலக்குண்டுக்குப் போய் டைனமோ விளக்கு, கேரியர், புது பிரேக் எல்லாம் மாட்டி வந்திருந்தான். காய்கறி லாரிக்காரனைக் கெஞ்ச வேண்டாம். மழையோ பனியோ, தன் பாட்டுக்குப் போகலாம் வரலாம்.

பூசை போட்ட மறுநாள் சாயங்காலம் மேகம் இறங்கி ரோட்டை மூடியிருந்தது. விளக்கு வெளிச்சம் முன்னால் வெள்ளைச் சுவராக நின்றது. கருப்பம்மாள் புருஷன் தங்கமுத்து உருண்டு செத்த வளைவு. அதற்குக் கொஞ்சம் முன்னால், ரோடு சமமாக ஓடும் இடம். பக்கத்து மேட்டின் மேல் ஊர்க் குறுக்குப் பாதை வளைவு வரை போகும்.

சர்ர்ர்... சர்ர்ர்...

கிளை இழுபடும் சத்தம். இவன் வண்டியில் கிளை இல்லை. பின்னால் யாரும் வரவும் இல்லை.

குதித்து இறங்கினான். சக்கரம் நின்றதும் விளக்கும் செத்தது. கும்மிருட்டில் "முருகா, முருகா" என்று வளைவு முடியும்வரை தள்ளிக்கொண்டே நடந்தான். பக்கத்திலேயே ஏதோ மூச்சு விட்டது போலிருந்தது.

பனி இறங்கிய நாளெல்லாம் அதே சத்தம், அதே இடம். வெயிலடித்துக் காய்ந்த நாளில் மட்டும் ஒன்றுமில்லை.

"அவதான் புருசன ஏவி விட்டிருக்கா" என்றாள் இருளாயி.

கிளப் சமையல்காரன் செல்லப்பாண்டி எந்தக் குரலையும் அச்சாகப் பேசுவான். விஷயம் தெரிந்ததும் துரைசாணி மாதிரி மூக்கால் ஆரம்பித்தான். "ஆண்டிஸாமி, நீ சைக்கில் ஓட்டறான்? சைக்கில் உன்னை ஓட்டறான்?" பிறகு செத்த தங்கமுத்துவின் கரகரத்த தொண்டையில், "எலேய் ஆண்டி, என்னையும் கேரியர்ல ஏத்திக்கிறியா?"

சமையல்கட்டே சிரித்தது. ஆண்டிச்சாமிக்குக் காது சுட்டது.

"இன்னைக்கு நான் எறங்குனா எம்பேரு ஆண்டிச்சாமி இல்ல."

அன்று மேகம் கெட்டியாக இருந்தது. சமதளம் வந்தது. சர்ர்ர்... சர்ர்ர்...

அவன் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். சரிவு தொடங்கியது. பிரேக்கை அழுத்தினான். பிடி கைப்பிடியோடு ஒட்டியது, சக்கரம் நிற்கவில்லை. பனியில் நனைந்த இரும்பு வளையத்தில் ரப்பர் சோப்பு மாதிரி வழுக்கியது. வேகம் ஏற ஏற டைனமோ வீல் வீலென்று கத்தியது. விளக்கு என்றுமில்லாத பிரகாசம். அந்த வெளிச்சத்தில் ரோடு முடிந்து, அதற்கப்பால் வெறும் வெள்ளை.

சத்தம் மேட்டிலிருந்து ரோட்டுக்கே பாய்ந்து வந்தது. முழுக் கிளை ஒன்று சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்தது.

கண் விழித்தபோது மலைப் பக்க வாய்க்காலில் கிடந்தான். இருட்டில் ஒரு சில்லிட்ட கை அவன் முகத்தைத் தடவித் தேடியது.

"தங்கமுத்தண்ணே, என்னைய விட்டுருங்க. புள்ளகுட்டிக்காரன்."

"அண்ணன் இல்ல தம்பி. நான்தான்." கருப்பம்மாளின் குரல்.

பயம் போன இடத்தில் கோபம் ஏறியது. "நீங்கதானா? குறுக்குப் பாதையில நின்னு கிளைய இழுத்து இழுத்து என்னையப் பைத்தியமாக்கி... ஏன் மதினி இந்த வேலை?"

"அவரும் புது ரப்பரு போட்டுத்தான் அன்னைக்கு வந்தாரு. ஈரத்துல அது பிடிக்காது, தம்பி."

"அத வாயால சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவன் சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டபடி சொன்னாள்.

"தாலியறுத்தவ சொன்னா எங்க கேக்குறீங்க? செத்தவன் சத்தத்துக்குத்தான் எறங்குறீங்க."