மூட்டை கனக்கல மொதலாளி

ஜனங்களின் ஞாபகப்படியே பழைய படங்களைத் திருத்திவிடும் காலம் அது. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் சங்கையா, வாலிபத்தில் ஒரே ஒரு படத்தில் ஒரே ஒரு வசனம் பேசியவர்: "மூட்டை கனக்கல மொதலாளி, உங்க பேச்சுதான் கனக்குது!" ஊரெல்லாம் அதைக் கதாநாயகன் பேசியதாகவே நினைத்தது. போன வாரம் படமும் அப்படியே மாறிவிட்டது. சங்கையா பின்னால் மூட்டையோடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"ஏய்யா, நாந்தான் பேசுனேன்னு இத்தன வருசமா என்னைய ஏமாத்திட்டீரே!" என்றாள் பெண்டாட்டி மாரிக்கனி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

படங்களைத் திருத்தும் அலுவலகத்துக்குப் போனார். "ஒருத்தர் ஞாபகம் போதாது, பெரியவரே. ஆயிரம் பேராவது சொல்லணும்" என்றாள் அங்கிருந்த பெண்.

மறுநாள் மண்டிக்கு லீவு. மண்டியின் ஆயிரம் சுமைக்காரர்களும் அலுவலகத்துக்கு வரிசையில் வந்து, "எங்க சங்கையாண்ணன்தான் பேசுனாரு" என்று அடித்துச் சொன்னார்கள்.

"அப்ப கதாநாயகன் என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்டாள் அலுவலகப் பெண்.

அதை யாரும் பேசி வைத்திருக்கவில்லை. முதலில் நின்ற சுடலை யோசிக்கவேயில்லை. "மூட்டை தூக்குனாரு." வரிசை முழுக்க அதையே சொன்னது.

இப்போது படத்தில் சங்கையா நிமிர்ந்து நின்று பேசுகிறார். பின்னால் கதாநாயகன் மூட்டையோடு தள்ளாடுகிறார்.

மாரிக்கனி உற்றுப் பார்த்தாள். "பாவம், அந்தாளுக்குத் தூக்கவே தெரியலயே."

"அன்னைக்கே சொல்லிக்குடுத்தேன், கேக்கல" என்றார் சங்கையா.