மீதி நாற்பத்தொன்பது

போன வாரம்தான் அவள் வானிலை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில்கூடத் தலைமை அதிகாரி கணினியே கதியென்று கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"என்ன சார் இது, கடல் மேல யாரோ நூல்கண்டைப் பிரிச்சுப் போட்ட மாதிரி?"

"புயல் போற வழிம்மா. காத்தை இம்மி இம்மியா மாத்தி அம்பது தடவை கணக்குப் போடுவோம். நாப்பத்தொம்பதுல நடுக்கடலுக்குத் திரும்பிடுது. ஒண்ணுல மட்டும் கரைக்கு வருது."

"ஒண்ணுதானே? அதைத் தூக்கிக் கடாசிட்டுச் சாப்பிட வாங்க சார். நீங்க இப்படி முறைச்சா புயலே பயந்து ஓடிடும்."

"அப்படித்தான்மா கடாசினேன்."

அப்போதுதான் அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே இருந்தது போன வருடத்துத் தேதி.

"'புயல் வராது, தைரியமாப் போயிட்டு வா'ன்னு என் பொண்ணை நான்தான் படகுல ஏத்தி விட்டேன்" என்றார் அவர்.

அவர் முதல் கோட்டில் விரலை வைத்தார்.

"இதுல வீட்டுக்கு வந்துட்டா. இதுலயும் வந்துட்டா. இதோ, இதுலயும்..."