முகவரி அழிந்த குரல்

“டேப்பா இருந்தா மொதல்லேர்ந்து ஓட்டி ஓட்டித் தேடணும் சார். இது ஹார்டு டிஸ்க். எந்த இடம்னு தெரிஞ்சாப் போதும், நேரா அங்கயே போய் எடுத்துடும்,” என்றாள் கம்ப்யூட்டர் கடைப் பெண்.

சொல்மழை தெரிந்த விஷயம்போலத் தலையாட்டினார்.

மேடைப் பேச்சாளர். ‘சொல்மழை’ என்ற பட்டத்தை யாரும் தருகிற மாதிரி தெரியாததால் தானே வைத்துக்கொண்டு, நோட்டீஸ் அச்சடிப்பவருக்கும் அதைப் பழக்கிவிட்டிருந்தார்.

அவருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இத்தனை காலம் பேசியதெல்லாம் அதற்குள். தன் குரல் உலகத்துக்கு இல்லாமல் போய்விடுமே என்று உலகத்தைவிட அவர்தான் அதிகம் இளைத்திருந்தார்.

அவரையும் கம்ப்யூட்டரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவரை எல்லோரும் ‘குட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எந்தக் கூட்டமானாலும் முதல் வரிசை, முதல் கைதட்டு. போன வருடம் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்து, டாக்டர்களே கையை விரித்து, எப்படியோ எழுந்து வந்துவிட்டவர்.

“சார், நீங்க அழிச்சதுகூட வந்திருக்கு!” என்றாள் கடைப் பெண், திரையைப் பார்த்தபடி.

“அழிச்சதா? அதெப்படிம்மா வரும்?”

“அழிக்கிறப்ப முகவரிதான் போகும். ஆள் வீட்டுக்குள்ளயேதான் உக்காந்திருப்பார். வேற யாராவது குடிவந்தாத்தான் காலி.”

எதையெதை அழித்தோம் என்று சொல்மழைக்கு நினைவு வருவதற்குள் அவள் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

கடை ஸ்பீக்கரில் அவர் குரல் முழங்கியது.

“நேற்றுவரை நம்மோடு சிரித்துக்கொண்டிருந்த என் ஆருயிர் நண்பன் குட்டை... இன்று...”

ஒரு விம்மல். ஒரு செருமல். பிறகு சாதாரணக் குரலில்: “ம்ஹூம். ‘இன்று’க்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் இடைவெளி விடணும்.”

சார்ஜர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் பதறி நிறுத்தப்போய் அடுத்ததைத் தட்டினாள். அதே பேச்சு. இடைவெளி கச்சிதம். விம்மலும் தேறியிருந்தது. குட்டையின் பொறுமை, தியாகம், தங்கக் குணம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சொல்மழையின் காது மடல் எரிந்தது. வாயைத் திறந்தார். தூறல்கூட விழவில்லை.

குட்டை சுவரில் தொங்கிய ஹெட்போன்களைப் பார்த்தபடியே கேட்டார்.

“எனக்கு இவ்வளவு நல்ல குணம் இருக்குன்னு, நான் உசுரோட இருக்கிறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் கிண்டலில் நிற்கவில்லை. மேசைமேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.



“போன வருஷம் அதே நாள்ல மூணாவதா ஒண்ணு இருக்கு சார்.” இந்தத் தடவை அவள் உஷாராக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

“இது கெட்டுப்போயிருக்கு. ‘நேற்றுவரை’ன்னு ஒரு வார்த்தை வருது, அப்புறம் பேச்சே இல்ல. கடைசிவரைக்கும் யாரோ மூக்கை உறிஞ்சிக்கிட்டு அசிங்கமா அழுதுட்டே இருக்காங்க. தூக்கிடவா?”

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

“தூக்கிடும்மா, தூக்கிடு,” என்றார் சொல்மழை, நிமிராமலே. “மத்த ரெண்டும் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதை மட்டும் யாரும் கேட்டுடக் கூடாது.”