ஐந்தாவது ஆள்

"டைம்கீப்பர்கிட்ட யார் சொல்றது?" என்றார் செக்கர்.

ஸ்டோர் ரூமில் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த பஸ் டெப்போவில் கேமரா பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் டைம்கீப்பர். அவரைக் கழற்றிவிடத்தான் இந்த ரகசியக் கூட்டம்.

"ஜீப்புல அஞ்சு பேர் உட்கார்ந்தா கேமரா பையெல்லாம் எங்க வைக்கிறது?" என்றார் மெக்கானிக்.

"பையெல்லாம் சும்மா சாக்குய்யா. நிஜத்தைச் சொல்லு" என்றார் ஸ்டோர் கீப்பர். "அந்த மனுஷன் வந்தா விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி விடுவாரு. பேசாதீங்க, கடல்நாய் மிரண்டுடும்பாரு. நாம சிரிக்கிறதுக்குக்கூட டைம் போட்டுக் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் மட்டும், "ஆனா பிளான் பூரா அவர் போட்டதாச்சே" என்று இழுத்தார்.

அதென்னவோ உண்மைதான். வடக்குக் கோடியில், ரோடு முடிந்த பிறகும் அரை நாள் போக வேண்டிய கடற்கரை அது. கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும், கடல்நாய்கள் எந்தப் பாறையில் வந்து படுக்கும், ஆலாப் பறவைகளின் குஞ்சுகளை எவ்வளவு தள்ளி நின்று படம் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும், பஸ்ஸுக்கு டைம் போடுகிற அதே சுத்தத்தோடு எழுதிக் கொடுத்திருந்தார். தங்குவதற்கு அங்கே இருப்பது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு இடம் பிடித்ததும் அவரேதான்.

வீட்டில் பேச ஆள் இல்லாத மனிதர். இரண்டு மாதமாக யாரிடமாவது நாலு வார்த்தை பேசினார் என்றால், அது இந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

சொல்லுகிற வேலை கடைசியில் செக்கர் தலையிலேயே விழுந்தது. டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுகிறவர், அன்று டைம்கீப்பரின் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, யாருக்கும் லீவு கிடைக்கலை. இந்த வருஷம் டிரிப் இல்லண்ணே."

டைம்கீப்பர் பேனாவை மூடினார். "அதுக்கென்ன, கடல் எங்கேயும் போயிடாது" என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜீப் கிளம்பியது. வழியெல்லாம் ஒரே பாட்டும் கும்மாளமும்தான்.

இரண்டாம் நாள் மதியம், ரோடு முடிகிற இடத்தில் பெயிண்டர் திடீரென்று கேட்டார். "ஏம்ப்பா, டெப்போவுல டூட்டி சார்ட் எழுதறது யாரு? அவர்தானே? நம்ம நாலு பேர் லீவையும் அவர் கையாலதானே எழுதியிருப்பாரு?"

பாட்டு நின்றது.

"கவனிச்சிருக்க மாட்டாரு" என்றார் மெக்கானிக். பஸ் ஒரு நிமிஷம் லேட் என்றாலும் விடாத மனிதர், இதையா கவனிக்காமல் இருப்பார்?

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கார அம்மா வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க" என்றார். செக்கர் அடுத்த பொய்யைத் தயாராக வைத்திருந்தார்.

"நாங்க அஞ்சு பேரும்மா. கடைசி நேரத்துல ஒருத்தருக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. அதனால..."

"அஞ்சு பேரா?" அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டு மாசம் முன்னாடி போன் பண்ணினப்பவே நாலு பேருன்னுதானே சொன்னாரு அந்த சார்?"

"நாலா?"

"ஆமா. 'ஏன், நீங்க வரலையா'ன்னு கேட்டேன். 'தெரியலம்மா, என்னையும் கூட்டிக்கிட்டு வர்றதா இருந்தா அவங்களே உங்களுக்குப் போன் பண்ணுவாங்க, எதுக்கும் அஞ்சாவதா ஒரு கட்டில் போட்டு வைங்க'ன்னாரு. நானும் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு உங்க போனுக்காகப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான்கு பேரும் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்கள்.

"நேத்துக் காலையில அவரேதான் மறுபடி போன் பண்ணினாரு. 'அவங்க கிளம்பிட்டாங்கம்மா, இனிமே அந்தக் கட்டில் வேண்டாம், எடுத்துடுங்க'ன்னாரு."